அவள் கதைத்ததும் அவள் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இறுதி இணைப்பில் 'ஹெர் ஸ்டோரி' என்ற கணினி விளையாட்டைப் பற்றியும், அதை உருவாக்கிய சாம் பார்லோவுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது பற்றியும் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் எழுதியவர் பொலிஸ் விசாரணை அறைக்குள் ஒருநாளும் இருந்ததில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே இருக்க நேராதது அவர் செய்த புண்ணியம்.

நான் இருந்திருக்கிறேன். 1993 முதல் 23 வருடம். அவசரப்பட வேண்டாம், பிடிபட்டு அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளராக. நம் ஆட்கள் சொல்வதானால், இன்டர்பிரிட்டர். லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால், ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆகவே எந்த வழக்கும் இந்தக் கடிதத்தில் வராது. அந்த அறையில் இருந்த மேசை, நாற்காலி, இயந்திரம், அங்கே புழங்கிய சொற்கள், இவற்றைச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைக்கிறேன்.

விளையாட்டு என்னிடம் வந்தது பேரன் மூலமாக. "அம்மம்மா, உங்களுக்கு ஏற்ற பொலிஸ் கேம் ஒன்று இருக்கிறது" என்று ஐபேடைக் கையில் தந்துவிட்டுப் போனான். கார் ஓட்டிச் சுடுகிற சமாசாரமாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் ஒரு பழைய கணினித் திரை. அதில் ஒரு தேடல் பெட்டி. 'கொலை' என்பதற்கான ஆங்கிலச் சொல் அதில் ஏற்கெனவே தட்டி வைக்கப்பட்டிருந்தது. அழுத்தினேன். ஒரு பெண் என்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள்.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. 1994 கோடையில் போர்ட்ஸ்மத்தில் சைமன் என்பவர் காணாமற்போகிறார். அவருடைய மனைவியைப் பொலிஸார் ஏழு தடவை விசாரிக்கிறார்கள். அந்த ஏழு விசாரணையும் 271 சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல்லை அவள் எங்கெங்கே சொன்னாளோ அந்தத் துண்டுகள் வரும். ஆனால் முதல் ஐந்தை மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் நாள் வரிசையில். ஆகவே எல்லாரும் சொல்கிற சொல்லைத் தட்டினால் ஆரம்ப நாட்களே திரும்பத் திரும்ப வரும். பிந்திய நாட்களில் அவள் சொன்னது அடியில் புதைந்தே கிடக்கும். அதை மேலே கொண்டுவர அரிதான ஒரு சொல் வேண்டும். ஒரு பெயர், ஒரு பொருள், ஓர் ஊர், அப்படி ஏதாவது.

உங்கள் கட்டுரையாளர் இதை 'குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு' என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. யார் செய்தது என்று விளையாட்டு உங்களிடம் கேட்பதேயில்லை. ஒரு கட்டத்தில் திரையின் மூலையில் ஒருவர் செய்தி அனுப்பி, பார்த்து முடிந்ததா என்று விசாரிப்பார். நீங்கள் முடிந்தது என்றால் முடிந்தது. புள்ளியும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்லோவைப் பாதித்தவை என்று கட்டுரையில் ஒரு பட்டியல் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று, துப்பறியும் கதைகள், சில திரைப்படங்கள். பிழையில்லை. 'ஹோமிசைட்' என்ற அந்தத் தொடரை அவரே சொல்லியிருக்கிறார். பால்டிமோர் பொலிஸ் நிலையத்தில் 'பெட்டி' என்று பெயர் வைத்த ஒரு சிறு அறையில் ஆளை உட்கார்த்தி வைத்துக் கதைத்தே கரைக்கிற தொடர் அது. ஆனால் தொடரை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவியதில், எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று விடுபட்டுப் போயிற்று. பார்லோ உட்கார்ந்து உண்மையான விசாரணைப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் சொன்ன பதிவுகளில் ஒன்று ஜோடி ஏரியஸுடையது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் முன்னாள் காதலனைக் கொன்றதாக 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பான பெண்.

பார்லோ இங்கிலாந்துக்காரர். கதையும் போர்ட்ஸ்மத்தில் நடக்கிறது. அவர் வேலை பார்த்த கம்பனியும் போர்ட்ஸ்மத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் அரிசோனாப் பதிவு? கட்டுரையாளர் இதைக் கேட்கவில்லை. எனக்குக் கேட்காமலே பதில் தெரியும். இங்கத்தைய கசெட்டுகள் லேசில் வெளியே வராது. அவற்றுக்கு முத்திரை வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டுப் பொலிஸ், குற்றச் சாட்சியச் சட்டத்துக்குப் பிறகுதான் விசாரணைகளை ஒலிநாடாவில் பதியும் வழக்கம் இங்கே நிலைத்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் மேசையோரத்தில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கும், இரண்டு கசெட் போடுகிற மாதிரி. புதுக் கசெட்டுகளின் பிளாஸ்டிக் உறையைச் சந்தேக நபரின் கண் முன்னாலேயே கிழிப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் நீளமாக ஒரு ஓசை வரும், காதைக் குடைகிற மாதிரி. அது ஓயும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஓசையின்போது ஓர் ஆள் தன் கையை என்ன செய்கிறார் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்புறம் திகதி, நேரம், இடம், அறையில் இருப்பவர்கள் யார் யார் என்பதை ஒவ்வொருவராகத் தம் குரலில் சொல்ல வேண்டும். நானும் என் பெயரைச் சொல்வேன். முடிந்ததும் ஒரு கசெட்டை எடுத்து, அதன்மேல் ஒட்டித்தாளைச் சுற்றி ஒட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் மூலப் பிரதி. பிறகு பொலிஸார் தங்கள் பாட்டில் அதை உடைக்கக்கூடாது. மற்றது வேலைக்கான பிரதி.

அந்த ஒட்டித்தாளில் என் கையெழுத்து எத்தனை நூறு இருக்குமோ தெரியாது. அவற்றில் ஒன்றுகூட ஊர் பார்க்கத் தொலைக்காட்சியில் வந்ததில்லை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் அப்படியில்லை. அங்கே வழக்கு முடியுமுன்னரே பதிவு பொது ஆவணமாகி, இரவுச் செய்தியில் ஓடி, வீட்டுக் கூடத்தில் எல்லாரும் நீதிபதியாகிவிடுகிறார்கள். ஆகவே விசாரணை என்றால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆங்கிலேயருக்குத் தெரிய வேண்டுமென்றால், அமெரிக்காவைப் பார்ப்பதே சுலபமாக இருந்தது. தன் தெருக்கோடியில் உள்ள அறையைப் பற்றி அறிய அரிசோனாவுக்குப் போய்த் திரும்பி வந்த கதை இது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கவலையும் வந்தது.

அப்படித் திரும்பி வந்ததன் அடையாளம் விளையாட்டில் ஆங்காங்கே தெரிகிறது. 1994இல் நான் போன நிலையங்களில் ஒலிநாடாதான் இருந்தது, காணொளி இல்லை. இங்கே அவள் காணொளியில் இருக்கிறாள். பழசாகத் தெரிய வேண்டும் என்று பார்லோ படத்தைப் பழைய வீஎச்எஸ் வீடியோ நாடா இயந்திரங்கள் வழியாக ஓட்டிக் கரகரப்பு ஏற்றினாராம். அது நன்றாகவே அமைந்திருக்கிறது. திரையில் குழல்விளக்கு மின்னுவதைப் பார்த்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது, அந்தக் காலத்தில் வருகிற மாதிரியே. ஆனால் அந்த நீள ஓசை இல்லை! அதை ஏன் விட்டார்? அதைப் போலப் பயமூட்டுகிற சத்தத்தை எந்தப் பேய்ப்படத்திலும் நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது 1994 என்பது எனக்கு வெறும் திகதியாகப் படவில்லை. கில்ஃபர்ட் நால்வர் 1989இலும் பேர்மிங்ஹாம் அறுவர் 1991இலும், செய்யாத குற்றத்துக்கு வருடக்கணக்காகச் சிறையிருந்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களை உள்ளே தள்ளியதில் விசாரணை அறையில் 'வாங்கிய' வாக்குமூலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு 1992, 93 அளவில் இங்கே பொலிஸாருக்குப் புது முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்காதே, அவரை முதலில் சொல்ல விடு, குறுக்கே போகாதே, பிறகு முரண்பாடுகளைக் கேள். மேசையைத் தட்டிப் பழகிய மூத்த அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு காது கொடுக்கப் பழகிய காலம் அது. சிலர் பழகினார்கள். சிலர் காதைக் கொடுக்கிற மாதிரி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தொழிலுக்கு ஒரு தேசியப் பதிவேடு வந்ததும் 1994இல்தான். அதுவரை பக்கத்து உணவகத்தில் நின்ற பையனைக்கூடக் கூட்டி வந்து மொழிபெயர்க்கச் சொன்ன கதைகள் உண்டு.

அடுத்த வருடம், விசாரணைக்கு முன் பொலிஸார் சொல்கிற எச்சரிக்கை வாசகமும் மாறிப்போயிற்று. பழையது எளிது: விரும்பினால் ஒழிய நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது சாட்சியமாகலாம். ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிடுவேன். 1995இல் வந்ததில், இப்போது கேட்கையில் சொல்லாமல் விட்டதைப் பின்னால் நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டால் அது உங்களுக்கே பாதகமாகலாம் என்று ஒரு வால் சேர்ந்தது. அந்த வாலைத் தமிழில் சொல்லி முடித்ததும் ஆளின் முகத்தைப் பார்ப்பேன். விளங்கியதா என்று அதிகாரி கேட்பார். ஆள் தலையாட்டுவார். விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வது என் வேலையா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு சண்டை நடக்கும். விளையாட்டில் வருகிற பெண் பழைய வாசகத்தின் காலத்தவள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளோ கதைக்கிறாள், கதைக்கிறாள், விட்டால் விடியும்வரை கதைப்பாள். ஓர் இடத்தில் கிதாரை எடுத்துப் பாடவும் செய்கிறாள்.

பாடுவதைப் பார்த்ததும் எனக்கு அந்த அரிசோனாப் பெண் நினைவுக்கு வந்தாள். அறையில் தனியாக விட்டிருந்தபோது அவள் மெல்லப் பாடியதும், சுவரோரம் தலைகீழாக நின்றதும் பதிவாகி உலகம் முழுக்க ஓடியது. இந்தப் பாட்டு அந்தப் பாட்டிலிருந்து வந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் சந்தேக நபர்களை ஊடகங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது பார்லோவைத் தொந்தரவு செய்திருக்கிறது. சாட்சியத்தை விட்டுவிட்டு அவள் என்ன உடுத்தாள், எப்படிச் சிரித்தாள் என்று பார்ப்பது. கட்டுரையாளர் இதை அரை வரியில் தாண்டிப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

ஒரு தடவை, எங்கே என்று சொல்ல மாட்டேன், விசாரணை முடிந்து நடைக்கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே, உங்கள் ஆட்கள் இதற்கு அழ மாட்டார்களா?" நான் மொழிக்குத்தான் வந்தேன், கண்ணீருக்கு அல்ல என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "எனக்குக் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை" என்றேன். அது சட்டப்படி சரியான பதில். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அது போதாது என்று பட்டது. இத்தனை வருடம் கழித்து இந்த விளையாட்டில் அதே அதிகாரியாக நானும் உட்கார்ந்திருக்கிறேன்: ஏன் இப்போது தலைமுடியைக் கோதுகிறாள், ஏன் இந்த நாள் இந்தச் சட்டை, ஏன் சிரித்தாள். வெட்கமாக இருந்தது. அப்போது பார்த்துத் திரையில் ஒளி ஒருகணம் பளிச்சிட்டு, கண்ணாடியில் பிரதிபலித்த மாதிரி ஒரு முகம் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் முகம். பேரன் பயந்துபோய்த் திரையைத் துடைத்தான்.

கேள்விகளே இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டில் அதிகாரியின் குரல் கிடையாது. பதில் மட்டும்தான். கட்டுரையாளர் இதைத் 'தந்திரம்' என்கிறார். தொடரைப் பார்த்து உந்தப்பட்டவர் தொடரின் கதாநாயகர்களையே வெட்டி எறிந்திருக்கிறார் என்றால் அது தந்திரத்துக்கு மேலே. அமெரிக்கப் 'பெட்டி'யில் அதிகாரிதான் நடிகர், எதிரே இருப்பவர் கரைவதற்கென்றே இருப்பவர். கேள்வியை எடுத்துவிட்டால் அவள் பக்கம் மட்டும் மிஞ்சுகிறது. பதிலைக் கேட்டுக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று நாமே ஊகிக்கிறோம். அங்கேதான் விளையாட்டு இருக்கிறது, தேடல் பெட்டியில் இல்லை.

எனக்கு இது பழக்கமான நிலைதான். மொழிபெயர்ப்பாளர் தன்னிலையில் கதைக்க வேண்டும் என்பது விதி. "அவள் வீட்டில் இருந்தாளாம்" என்று சொல்லக்கூடாது. "நான் வீட்டில் இருந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு யார் எதிரே இருக்கிறாரோ அவராக. நான் களவெடுத்தேன், நான் அடிக்கவில்லை, நான் அவரை விரும்பினேன், எனக்கு நினைவில்லை. 23 வருடமாக இப்படி எத்தனை பேராக இருந்தேனோ! ஒருவரின் வாயால் இன்னொருவர் 'நான்' என்று சொல்வது எவ்வளவு எளிது, கேட்பவர் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். விளையாடியவர்களுக்கு நான் இதை ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். விளையாடாதவர்களுக்காக இத்துடன் நிறுத்துகிறேன்.

தனிப்பட்ட தாக்கம் என்று பார்த்தால், தொடரையும் பதிவுகளையும் விட பார்லோவின் சொந்த வேலை வரலாறுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1999இலேயே அவர் 'ஐல்' என்று ஒரு சிறிய எழுத்து விளையாட்டுச் செய்திருக்கிறார். ஒருவன் கடையில் பொருள் அடுக்கிய வரிசைக்கு நடுவே நிற்கிறான். நீங்கள் ஒரே ஒரு கட்டளை தட்டலாம், ஒரே ஒன்று. உடனே கதை முடிந்துவிடும். வேறொன்று தட்டினால் வேறொரு முடிவு, அவனுக்கு வேறொரு பழங்கதை. 16 வருடம் கழித்து வந்த தேடல் பெட்டி அங்கேயே இருந்திருக்கிறது, பாருங்கள். பிறகு 2009இல் வந்த 'சைலண்ட் ஹில்' வரிசை விளையாட்டு ஒன்றில், மனநல மருத்துவர் எதிரே உட்கார்ந்து விளையாடுபவரையே கேள்வி கேட்பார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கேள்வி, பதில். அதையும் பார்லோதான் எழுதி வடிவமைத்தார்.

அதற்கப்புறம் பெரிய கம்பனிக்காக அவர் தலைமையில் செய்துகொண்டிருந்த விளையாட்டு ஒன்று பாதியில் கைவிடப்பட்டது. அதில் நடித்துக்கொண்டிருந்தவர் விவா சைஃபர்ட். வேலை போனது, அறிமுகம் மட்டும் மிஞ்சியது. தனியாகச் செய்யலாம் என்று பார்லோ கம்பனியை விட்டு வெளியே வந்தபோது, அவருடைய விளையாட்டுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள், அந்தப் பெண் சைஃபர்ட்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காகத் தாள லய ஜிம்னாஸ்டிக்கில் போட்டியிட்டவர், பிறகு இசைக்குழுவில் இருந்தவர். அந்த உடம்பில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. விசாரணை நாற்காலியில் அவர் உட்காரும் விதத்தைப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு. கைவிடப்பட்ட அந்த விளையாட்டு வெளிவந்திருந்தால் இது வந்திருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் பட்டியலில் அதுவல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

விளையாட்டு 2015 ஜூனில் வெளிவந்தது. மறு வருடம் மூன்று பாஃப்டா விருது. இவை கட்டுரையில் விரிவாகவே இருந்தன, அதனால் விடுகிறேன்.

கட்டுரையின் கடைசியில் 'இதைத் தமிழில் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்' என்று ஆசையாக ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். முடியாது, ஐயா. குறைந்தபட்சம், மொழிபெயர்த்து முடியாது.

முதலில் அந்த 'கொலை'. இத்தனை வருடத்தில் எதிரே இருந்தவர் வாயிலிருந்து 'கொலை' என்ற சொல் வந்தது மிகக் குறைவு. 'அந்த விஷயம்', 'அது நடந்த அன்று', 'இப்படி ஆகிப்போனதும்'. கொலை என்பது பத்திரிகைக்காரரும் பொலிஸாரும் சொல்கிற சொல். தேடல் பெட்டியில் அதைத் தட்டினால் ஒரு துண்டும் வராது, பேரன் சலித்துப்போய்க் கால்பந்துக்குப் போய்விடுவான்.

அடுத்தது கண்ணாடி. சைமன் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்பவர். ஆங்கிலத்தில் ஜன்னலுக்குப் போடுவதற்கு ஒரு சொல், முகம் பார்ப்பதற்கு ஒரு சொல், மூக்கில் மாட்டுவதற்கு இன்னொன்று. விளையாடுபவர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதிலேயே சுவை இருக்கிறது. தமிழில் எல்லாமே கண்ணாடி. ஒரு தடவை தட்டினால் அத்தனையும் வந்து விழுந்துவிடும், ஐந்தென்ற கட்டுப்பாடு இருந்தாலும் கண் முன்னால் கலந்துபோய்க் கிடக்கும்.

உறவுமுறை அதைவிட மோசம். "உன் சிஸ்டரை எப்போது கடைசியாகப் பார்த்தாய்?" என்று அதிகாரி கேட்பார். நான் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் அக்காவா தங்கச்சியா என்று தெரிய வேண்டும். கேள்வியில் அது இல்லை. ஆகவே முதலில் நான் ஆளிடம் கேட்க வேண்டும், அவர் இரண்டு வசனம் சொல்வார், நான் ஒன்று கேட்பேன். அதற்குள் அதிகாரியின் முகம் மாறிவிடும். இவர்கள் இருவரும் என்ன கதைக்கிறார்கள்? "அவருடைய சகோதரி மூத்தவரா இளையவரா என்று தெளிவுபடுத்திக்கொண்டேன்" என்று ஒலிநாடாவுக்காகச் சத்தமாகச் சொல்வேன். எத்தனையோ தடவை இது நடந்திருக்கிறது. ஆங்கிலம் அந்த இடத்தை மூடி வைக்கிறது, தமிழ் திறந்து காட்டிவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. "வந்தார், கதவைத் தட்டினார், போய்விட்டார்" என்று நம் ஆள் சொல்வார். மரியாதையான பேச்சு. வந்தது ஆணா பெண்ணா? சொல்லில் இல்லை. ஆங்கிலத்தில் நான் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும், தெரிவு செய்தால் அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். மறுபடியும் ஆளிடம் கேட்க வேண்டும், மறுபடியும் அதிகாரியின் புருவம். இங்கே மூடுவது தமிழ். ஒளித்து வைத்து விளையாடுகிற ஒரு கதை எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழி எதை ஒளிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் நிற்கும். பார்லோவின் எழுத்து ஆங்கிலத்தின் ஒளிவிடங்களில் நின்று எழுதப்பட்டது. நம்மவர் யாராவது செய்ய விரும்பினால் மொழிபெயர்க்க வேண்டாம், புதிதாக எழுதுங்கள். 'அவர்' என்ற ஒரு சொல்லை வைத்தே ஒரு நல்ல மர்மம் கட்டலாம். இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். விளையாட்டின் பெயரை 'அவளின் வரலாறு' என்று தமிழாக்கியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் 'ஹிஸ்டரி', 'ஹெர் ஸ்டோரி' என்ற அந்தச் சிலேடை உண்டு, தெரியும். ஆனால் தமிழில் வரலாறு என்றதும் அரசரும் ஆண்டும் வந்துவிடுகின்றன. 'அவள் கதை' என்று போட்டிருக்கலாம். நம் ஆட்கள் பேசுவதையே கதைப்பது என்கிறோம். "என்ன கதை இது?" என்றால் என்ன பேச்சு இது என்றும் பொருள், என்ன கட்டுக்கதை இது என்றும் பொருள். அந்தப் பெண் செய்வது இரண்டும்தானே. அடுத்த இணைப்பில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி,
தென்கிழக்கு லண்டன்

பின்குறிப்பு: எத்தனை துண்டு பார்த்தாயிற்று என்று காட்ட விளையாட்டுக்குள்ளேயே ஒரு கட்டம் இருக்கிறது. பேரன் எப்போதோ முடித்துவிட்டான். எனக்கு இன்னும் 40க்கு மேல் பாக்கி. அந்தக் கணினியின் குப்பைத்தொட்டிக்குள் காய் திருப்புகிற சின்ன விளையாட்டு ஒன்றும் கிடக்கிறது. இரண்டு இரவு அதிலேயே போய்விட்டது. தட்ட வேண்டிய சொற்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.